சின்னவள் குடம்

என் கழுத்து திரும்பாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் காலை எடுத்து வைத்து முழு உடம்போடு திரும்ப வேண்டும். பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் நடந்தால் சைக்கிள்காரனெல்லாம் "காது கேக்கலையா?" என்று திட்டிவிட்டுப் போவான். காது நன்றாகவே கேட்கும். நான் திரும்பி முடிப்பதற்குள் அவன் போய்விடுகிறான், இல்லாவிட்டால் அவனுக்கும் நல்லதாக இரண்டு வார்த்தை கிடைத்திருக்கும்.

என் தங்கை அப்படியில்லை. நெடுநெடுவென்று நிற்பாள், குனிவாள், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுந்துவிடுவாள். எங்களைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்களா என்று கேட்பார்கள். ஒரே வயிறுதான், குடித்த தண்ணீர்தான் வேறு. கதையைக் கொஞ்சம் தெரிந்தவர்கள் எங்கள் அம்மாவின் மன உறுதியைப் பற்றி, என் தைரியத்தைப் பற்றி ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. தைரியத்தில் எங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு முதுகைக்கூட நிமிர்த்த முடியவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது, அறுபதுகளில், எங்கள் பக்கம் மழை பொய்த்துக்கொண்டே போனது. எல்லாக் கிணற்றிலும் அடிப்பாறை தெரிந்தது. அப்பா எங்கள் மேட்டுக்காட்டுக் கிணற்றை ஆழப்படுத்தினார். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு மேலே ஏறி ஓடி வரவேண்டும். ஒரு நாள் வைத்த வேட்டு வெடிக்கவில்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, திரி அணைந்திருக்கும் என்று அப்பா இறங்கிப் பார்த்தார். அவர் கீழே போனதும் அது வெடித்தது.

அந்த வேட்டில்தான் பாறை பிளந்து தண்ணீர் வந்தது. அப்பாவை மேலே தூக்கி முடிப்பதற்குள் கீழே நின்றவர்களுக்குக் கணுக்கால் நனைந்துவிட்டது என்று சித்தப்பா சொல்வார். சித்தப்பா என்றால் அப்பாவின் ஒரே தம்பி. அம்மாவின் வயிற்றில் அப்போது தங்கை இருந்தாள்.

ஓர் உயிரை வாங்கிக்கொண்டு கண் திறந்த கிணறு என்று ஊரே அதைக் கும்பிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைத்து, கிணற்று மேட்டில் கற்பூரம் கொளுத்தினார்கள். எத்தனை பேர் சேந்தினாலும் அது வற்றவில்லை. கண்ணாடி மாதிரி தண்ணீர், லேசாக ஒரு கரிப்பு, அதன் அடியில் ஒரு தித்திப்பு. வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் ஒரு சொம்பு குடித்துவிட்டு, "இது அண்ணன் குடுத்த தண்ணி" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அம்மா முதலில் அதை வாயில் வைக்கவில்லை. எனக்குக் கொடுப்பாள், மாட்டுக்கு வைப்பாள், களி கிண்டுவாள், தான் மட்டும் மோரைக் குடித்துக்கொண்டு கிடப்பாள். தங்கை பிறந்த பிறகுதான் மனசு மாறியது. ஒரு விடியற்காலையில் கிணற்றுக்குப் போய்ச் சேந்தி, வெறும் வயிற்றில் ஒரு பெரிய சொம்பு நிறையக் குடித்தாள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பல் விளக்கியதும் கிழக்கே பார்த்து நின்று கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். குடித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரிடமும் பேசமாட்டாள். புருஷனோடு அவள் இருந்த நேரம் அதுதான் என்று எனக்குப் பின்னால் புரிந்தது.

சில வருஷங்களில் அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பிறகு கழுத்து. களை வெட்டும்போது குனிந்தால் நிமிர வரப்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. கேட்டவர்களெல்லாம் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: உடம்புச் சூடு. கிணற்றுத் தண்ணியை நன்றாகக் குடி, தலைக்கு ஊற்று, சூடு இறங்கினால் சரியாகிவிடும். நாங்களும் செய்தோம். காலையில் ஒரு சொம்பு போதாதென்று மத்தியானம் ஒரு சொம்பு, பொழுது சாய ஒரு சொம்பு. அடுப்பங்கரையிலிருந்து நானேதான் கொண்டுபோய்க் கொடுப்பேன். வியாதியையே மருந்தென்று மொண்டு மொண்டு கொடுத்த ஊர் எங்கள் ஊர்.

பிள்ளைகளின் பல்லெல்லாம் செம்மண் கரைத்துப் பூசின மாதிரி முளைத்தது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: ஒழுங்காகப் பல் விளக்குவதில்லையாம். செங்கல் தூளை வைத்து ஈறிலிருந்து ரத்தம் வரும்வரை நான் தேய்த்திருக்கிறேன். கறை அசையவில்லை. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் அப்போது வந்ததுதான். எங்கள் ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் அதை நாணம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தங்கையின் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கத் தொடங்கின. ஓடினால் தடுக்கி விழுந்தாள். அம்மா தன் முதுகுக்காக ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. சின்னவளின் காலைப் பார்த்ததும் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி தர்மபுரிக்குப் போனாள்.

அங்கிருந்த டாக்டர் வயதானவர். தங்கையின் காலைப் பார்க்கிறதற்கு முன்னால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தார். "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னாள். எங்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"உங்க பக்கத்து ஆளுங்க நெறைய பேரு இப்படித்தாம்மா வர்றாங்க. வியாதி தண்ணியில இருக்குது. ஆழத்துல பாறையிலேருந்து வர்ற தண்ணி அது. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், எலும்பைப் பிடிச்சுக்கும்."

"எங்க கெணத்துத் தண்ணிங்களா?" என்றாள் அம்மா. அவள் குரல் அப்படிச் சிறுத்து நான் கேட்டதில்லை.

"அதுதான். உங்களுக்கு வந்தது வந்ததுதாம்மா, இனிமே முதுகு நிமிராது. இந்தச் சின்னப் புள்ளைக்கு எலும்பு இன்னும் வளருது. இப்பவே தண்ணிய மாத்துனா காலு தப்பிக்கும்."

"பெரியவளுக்குங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "எல்லாருமே மாத்தறதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா நேராகக் கிணற்று மேட்டுக்குப் போய், கற்பூரம் வைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து அழுதாள். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை என்று சொல்வார்கள். செத்தவர் கொடுத்துவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான். அதுவும் இப்படி என்றால் அவள் எங்கே போவாள்?

மறுநாள் காலையிலேயே குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கள் ஊருக்கு மேற்கே, கரடு என்கிற மொட்டைப் பாறைக் குன்றைத் தாண்டி, கன்னடம் பேசுகிறவர்களின் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கே ஓடை மணலில் ஊற்றுப் பறித்துக் குடிப்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பல் வெளுப்பாக இருக்கும். மணலில் தோண்டின குழியில் தண்ணீர் மெதுவாகத்தான் ஊறும். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்ப ஒரு காலைப்பொழுது போய்விடும். அங்கே இருந்தவர்களுக்கே அது பற்றாது. ஆனாலும் அம்மா வளைந்த முதுகோடு போய் நின்றதைப் பார்த்து ஒருத்தி இரக்கப்பட்டாள். பருத்த உடம்பு, வெற்றிலை வாய். "நீரு பேக்கா?" என்றாள். தண்ணி வேணுமா என்று அர்த்தம். தங்களுடைய முறையெல்லாம் முடிந்த பிறகு நாளுக்கு ஒரு குடம் மட்டும், நோயாளிக் குழந்தைக்கு என்று பேசி முடிவாயிற்று.

ஊரில் இது தெரிந்ததும் சித்தப்பா வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, எங்கண்ணன் உசுரக் குடுத்துத் தோண்டுன தண்ணி வூட்டாண்ட கெடக்குது. நீங்க அடுத்தவங்க ஊத்துல போயி கொடத்த ஏந்திக்கிட்டு நிக்கறீங்க. நாலு பேரு என்னா பேசறாங்கன்னு தெரியுங்களா?"

"தெரியும் தம்பி" என்றாள் அம்மா. "உங்கண்ணன் இருந்தா அவரே கொடத்த எடுத்துக்கிட்டுப் போயிருப்பாரு."

அவ்வளவுதான் அவள் சொன்னது. சித்தப்பா பல மாதங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

வீட்டில் இப்படி இரண்டு குடம் ஆயிற்று. பெரிய பித்தளைக் குடத்தில் அப்பா தண்ணீர். மூலையில் துணி கட்டிய மண்குடத்தில் ஊற்றுத் தண்ணீர். அதற்குச் சின்னவள் குடம் என்று பெயர் வந்துவிட்டது. தங்கையின் குடிக்கும் தண்ணீர், அவளுடைய களி, அவளுடைய ரசம் எல்லாம் அதிலிருந்துதான். எனக்கும் அம்மாவுக்கும் பித்தளைக் குடம்.

"எனக்கு?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"ஒரு கொடந்தாண்டி இருக்குது" என்றாள் அம்மா. "அவளுக்குத்தான் எலும்பு வளருது."

எனக்கு அப்போது பதினாறு வயதிருக்கலாம். எனக்கு மட்டும் எலும்பு மரத்தாலா செய்தது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அன்றைக்கு மனசுக்குள் ஒன்று விழுந்துவிட்டது: என்னைக் கழித்துவிட்டாள். அவளும் நானும் போனது போகட்டும் என்று ஒரு பக்கம், சின்னவள் ஒரு பக்கம். அம்மாவாக இருந்தால் என்ன, கணக்கு கணக்குதான் என்று நினைத்தேன். அந்தக் கோபம்தான் வருஷக்கணக்காக என்னை நடக்க வைத்தது. அதைத்தான் இப்போது ஜனங்கள் தைரியம் என்று சொல்கிறார்கள்.

அம்மாவால் நீண்ட நாள் நடக்க முடியவில்லை. முதுகு இன்னும் வளைந்து, நடக்கும்போது தரையில் எதையோ தேடுகிற மாதிரி ஆகிவிட்டாள். இடுப்பில் குடம் நிற்கவில்லை. அதற்குள் சித்தப்பாவின் மனசு இளகியிருந்தது. தங்கையின் கால் நேராகிக்கொண்டு வருவதை அவரும் பார்த்தார். ஒரு நாள் வந்து, "அண்ணி, நானே சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்து குடுக்கறேன், பெரிய புள்ள எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்?" என்றார்.

நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாடா என்று இருந்தது.

"வேணாம் தம்பி" என்றாள் அம்மா. "அவதான் போவணும்."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பா இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அம்மா பிடித்த பிடியை விடவில்லை. மழை வந்தாலும் வெயில் கொளுத்தினாலும் என் பெரிய மகள்தான் போக வேண்டும், வேறு யாரும் அந்தக் குடத்தைத் தொடக்கூடாது என்றாள். அப்படி என்ன வஞ்சம் என்மேல் என்று எனக்குப் புரியவில்லை.

நான் போனேன். தினமும் போனேன். கரட்டைத் தாண்டி, ஓடையில் இறங்கி, முறைக்காகக் காத்திருந்து, கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு வருவேன். வெயில் காலத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காலடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும். நான் குடிக்கமாட்டேன். வெற்றிலை வாய்க்காரி, "குடிம்மா" என்று கையால் சைகை காட்டுவாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். எனக்கில்லை என்று சொன்ன தண்ணீர் எனக்கு எதற்கு? வீட்டுக்கு வந்து மண்குடத்தில் ஊற்றிவிட்டு, பித்தளைக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு அம்மா எதிரிலேயே மடக் மடக்கென்று குடிப்பேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், எதுவும் சொல்லமாட்டாள்.

என்னைப் பெண் பார்க்கப் பொம்மிடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சிரிக்காமல் சமாளித்துவிட்டேன். விழுந்து கும்பிடச் சொன்னார்கள். முழங்கால் மடங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு அரையும் குறையுமாகக் குனிந்தேன். போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, நாங்களும் யாரையும் கூப்பிடவில்லை.

தங்கை பெரிய மனுஷியானாள். பல்லில் கறை அவளுக்கும் உண்டு, அது முன்னமே விழுந்தது. கால் நேராக வளர்ந்தது. அவள் தாவணியைச் சொருகிக்கொண்டு வரப்பில் ஓடும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், பொறாமையாகவும் இருக்கும். இரண்டும் உண்மைதான், ஒன்றை மறைத்து என்ன ஆகப்போகிறது.

எழுபதுகள் முடியப் போகிற சமயத்தில் அம்மா படுக்கையில் விழுந்தாள். மல்லாந்து படுக்க அவளால் முடியாது. ஒருக்களித்து, சுருட்டி வைத்த மாதிரி கிடப்பாள். நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்கு இழுத்தது. ஒரு மத்தியானம் நான் ஊற்றிலிருந்து வந்து குடத்தை இறக்கினேன். இனிமேல் இவளுக்கு எந்தத் தண்ணீர் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மண்குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு அவள் வாய்க்கிட்டே கொண்டுபோனேன்.

வாசனையிலேயே தெரிந்துகொண்டாள் போல. உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"சின்னவ தண்ணி எனக்கு எதுக்குடி? உங்கப்பன் தண்ணியக் குடு."

பித்தளைக் குடத்திலிருந்து கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். மூச்சு கொஞ்சம் ஆறியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஊத்துல நீ நல்லாக் குடிச்சுட்டுத்தான வர்ற?"

"இல்ல."

"இன்னிக்கு இல்லியா?"

"என்னைக்குமே இல்ல. அது சின்னவ தண்ணியாச்சே."

அம்மா என்னையே பார்த்தாள். கழுத்து திரும்பாததால் கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி மகளே" என்றாள் மெதுவாக. "அதுக்குத்தானடி உன்னப் போவச் சொன்னேன். கொடம் ஒண்ணுதான் குடுப்பாங்க. குடிச்சுட்டு வர்ற வயித்த யாரு கேக்கப் போறாங்க? உன் சித்தப்பா சைக்கிள்ல கொண்டாந்தா சின்னவளுக்கு மட்டுந்தான் ஆவும். நீ போனா உனக்கும் ஆவுமேன்னுதான்."

"சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"இதச் சொல்லணுமா? தண்ணியாண்ட நிக்கறவளுக்குத் தாகம் எடுக்காதா? வூட்டுல வந்து நீ குடிக்கறதப் பாத்து, வழியில மறுபடியும் தாகம் எடுத்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். என்னைக் கழித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டு நடந்த அத்தனை வருஷமும், நான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். நீட்டிப் படுக்க வைக்கப் பார்த்தார்கள், உடம்பு இடம் கொடுக்கவில்லை. தோளை அழுத்தினால் கால் எழும்பியது, காலை அழுத்தினால் தலை எழும்பியது. "அழுத்தாதீங்க, அவங்க இஷ்டப்படி வுடுங்க" என்று சித்தப்பா கத்திவிட்டு வெளியே போய் அழுதார். கடைசியில் உட்கார வைத்தே தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா கிணற்றுத் தண்ணீரால்தான் குளிப்பாட்டினோம்.

காரியமெல்லாம் முடிந்து நான் மறுபடியும் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனேன். சித்தப்பா மறுபடியும் சைக்கிள் என்று சொன்னார், நான் வேண்டாம் என்றேன். முழங்கால் மடங்காது என்பதால் ஒரு காலை நீட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து குடத்தை நிரப்பினேன். நிரப்பி முடித்த பிறகு குழி மறுபடி ஊறும்வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியில் மொண்டு வாயில் வைத்தேன்.

நன்றாகவே இல்லை. சப்பென்று இருந்தது. கரிப்பும் இல்லை, தித்திப்பும் இல்லை, மணல் வாசனை மட்டும் இருந்தது. இத்தனை வருஷம் இதற்காகவா என்று ஆத்திரமாக வந்தது. என் நாக்கு அப்பா தண்ணீருக்குப் பழகிவிட்டது, என் எலும்பும்தான். இனி இதைக் குடித்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பிடிக்காமலே அதைக் குடித்து முடித்தேன். பிறகு குழி ஊறும்வரை உட்கார்ந்திருந்து இன்னொரு தடவை மொண்டு குடித்தேன். அப்புறம் குடத்தைத் தலையில் தூக்கி வைக்கச் சொல்லி வெற்றிலை வாய்க்காரியைக் கூப்பிட்டேன்.